பனிமேல் படுத்தவர்கள்: ஒரு ஸ்லீப்பிங் பேடின் வரலாறு

1/
நேத்து இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "டாக்டர், டிசம்பர்ல ஃப்ரெண்ட்ஸோட உத்தரகாண்ட் பக்கம் பனி ட்ரெக் போறோம். மைனஸ் பத்து டிகிரி தாங்கும்னு போட்ட ஸ்லீப்பிங் பேக் வாங்கிட்டேன். கீழ விரிக்க வீட்ல இருக்கிற யோகா மேட் போதும்ல?"

போதாது தம்பி. இப்படி ஒரு வார்த்தையில் முடிச்சிருக்கலாம். ஆனா இந்த "கீழ விரிக்கிற" சமாச்சாரத்துக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கு. அதுல டாக்டர்கள் வர்றாங்க, பென்குவின் வருது, வேலை போன விமான இன்ஜினியர்கள் வர்றாங்க. நீளமான த்ரெட்தான். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
முதல்ல என் கதை. ஹவுஸ் சர்ஜன் முடிச்ச கையோட நாலு பேர் சேர்ந்து இமயமலைக்குப் போனோம். ஆளாளுக்குத் தடிமனான ஸ்லீப்பிங் பேக். கீழே போட்டது காத்தடிச்ச சாதாரண ஏர் பெட். மூணு இன்ச் உயரம், மெத்தையில படுத்த சுகம். ராத்திரி பதினோரு மணிக்கு நடுக்கம் ஆரம்பிச்சது. இருக்கிற ஸ்வெட்டரெல்லாம் போட்டுக்கிட்டேன். ஜாக்கெட்டை மேலே போர்த்தினேன். ஒண்ணும் வேலைக்கு ஆகல. முதுகும் இடுப்பும் மட்டும் ஐஸ் கட்டியில ஒட்டி வெச்ச மாதிரி.

எங்க சத்தம் கேட்டு வந்த உள்ளூர் கைடு மேலே எதையும் போர்த்தல. என்னை எழுப்பி உட்கார வெச்சு, காலி சாக்கு, கயிறு, எங்க ரக்சாக் எல்லாத்தையும் ஏர் பெட் மேல பரப்பிப் படுக்கச் சொன்னார். கரடுமுரடா இருந்துச்சு. ஆனா தூங்கிட்டேன். நாலு எம்பிபிஎஸ் இருந்த டெண்ட்டில் சரியான சிகிச்சை கொடுத்தது அவர்தான்.

3/
இத்தனைக்கும் நாங்க படிக்காத விஷயம் இல்ல. பச்சிளங்குழந்தை வார்டில் முதல் நாளே சொல்லித் தருவாங்க: உடம்பு சூட்டை நாலு வழியில இழக்கும். தொடுற பொருள் வழியாக் கடத்தல், காத்து அள்ளிட்டுப் போற வெப்பச்சலனம், கதிர்வீச்சு, ஈரம் ஆவியாகுறது. அதனாலதான் எடை பார்க்கும்போது குழந்தையை நேரா உலோகத் தட்டுல வைக்க மாட்டோம். ஒரு துணியாவது கீழ போடுவோம்.

வீட்ல பெரியவங்க "வெறும் தரையில படுக்காதே, பாயைப் போடு"ன்னு சொல்றதும் இதே பாடம்தான். நம்ம ஊர்ல பாய் போடலைன்னா சளி பிடிக்குமோ என்னவோன்னு வாக்குவாதம் பண்ணலாம். பனியில அது உயிர் விஷயம்.

4/
இன்னொரு நுணுக்கம். ஸ்லீப்பிங் பேக் உங்களைச் சூடாக்குறதில்ல. அதுக்குள்ள இருக்கிற இறகோ பஞ்சோ காத்தை அசையாமப் பிடிச்சு வைக்குது. அந்தக் காத்துதான் காப்பு. 1792-இல் கவுண்ட் ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி ரோமம், இறகு, கம்பளி எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்து, சூட்டைக் காப்பதில் உள்ளே சிக்கிய காத்துக்குத்தான் பெரிய பங்குன்னு எழுதினார்.

இப்போ யோசிங்க. பேக்குக்குள்ள நீங்க படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கிற இறகு உங்க எடையில நசுங்கிடும். காத்து போச்சு, காப்பும் போச்சு. மேல பக்கம் மைனஸ் பத்து தாங்கலாம். கீழ பக்கம் வெறும் ரெண்டு துணி.

5/
ஒரு சின்னக் கணக்கு. தூங்குற பெரியவர் உடம்பு சுமார் 70–80 வாட் சூட்டை உண்டாக்கும். ஒரு பழைய குண்டு பல்பு மாதிரி. தரையைத் தொடுற பரப்பு அரை சதுர மீட்டர்னு வெச்சுக்குவோம். தோல் 33 டிகிரி, தரை 3 டிகிரி. வித்தியாசம் 30.

கீழே ஆர் வேல்யூ 1 உள்ள விரிப்பு இருந்தா, தரைக்கு மட்டும் போற சூடு சுமார் 85 வாட். அதாவது உடம்பு சம்பாதிக்கிறதெல்லாம் தரைக்கே போகுது. மேலே போர்த்தினது எதைக் காப்பாத்தும்? ஆர் 2 என்றால் இழப்பு 43 வாட். ஆர் 5 என்றால் 17 வாட். நிஜத்தில் உடை, பேக்கின் அடித்துணி எல்லாம் கொஞ்சம் உதவும், தோலும் குளிர்ந்து இழப்பைக் குறைக்கும். ஆனா கணக்கின் போக்கு இதுதான். ஆர் வேல்யூன்னா என்ன, எங்கிருந்து வந்துச்சுங்கிறதைக் கீழே சொல்றேன்.

6/
இந்தக் கணக்கு எதுவும் போடாமலே விடை தெரிஞ்சவங்க ஆர்க்டிக் பகுதியில் வாழ்ந்த இனுவிட் மக்கள். பனிக்கட்டி வீட்டுக்குள்ள தரையில படுக்க மாட்டாங்க. பனியிலேயே திண்ணை மாதிரி மேடை கட்டுவாங்க. சூடான காத்து மேலே ஏறும், வாசல் தாழ்வா இருக்கும், அதனால திண்ணை மட்டத்தில் குளிர் குறைவு. மேடை மேல குச்சி, புதர்ச்செடி பரப்பல். அதுக்கு மேல கரிபூ மான் தோல், ரோமம் கீழே பார்க்க. அதுக்கு மேல இன்னொரு தோல், ரோமம் மேலே பார்க்க.

கரிபூ ரோமம் ஒவ்வொண்ணுக்குள்ளும் காத்தறைகள் உண்டு. விறைப்பா இருக்கும், இறகு மாதிரி சட்டுனு நசுங்காது. பரப்பல், தோல், தோல்னு அடுக்குக்கு அடுக்கு காத்து. இன்னைக்குக் கடையில ஃபோம் மேட் மேல ஏர் மேட் போடச் சொல்றாங்களே, அதே சூத்திரம்.

7/
இப்போ 1911. அண்டார்டிகா. ராபர்ட் ஸ்காட்டின் குழுவில் இருந்து மூணு பேர் குளிர்காலத்தின் முழு இருட்டில் கிளம்புறாங்க. தலைவர் எட்வர்டு வில்சன். எம்பிபிஎஸ் மாதிரியே முறையா மருத்துவம் படிச்சவர், விலங்கியல் ஆர்வலர், ஓவியர். கூட பவர்ஸ், அப்புறம் 25 வயசு செர்ரி-கராடு, கண்ணாடி இல்லாம சரியாப் பார்வை தெரியாதவர்.

நோக்கம்: கேப் குரோசியர் என்ற இடத்தில் எம்பரர் பென்குவின் முட்டை எடுக்கணும். அந்தக் கருவில் ஊர்வனவுக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பு தெரியும்னு அன்றைய அறிவியல் நம்பிக்கை. அந்தப் பறவை நடுக்குளிர்காலத்தில்தான் முட்டை போடும். அதனால இவங்களும் நடுக்குளிர்காலத்தில் போகணும்.

8/
ஜூன் 27-இல் கிளம்பி ஆகஸ்ட் 1-இல் திரும்பினாங்க. அஞ்சு வாரம். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி வரைக்கும் இறங்குச்சு. படுக்கை என்பது ரெயின்டீர் தோல் பை, அதுக்குக் கீழே டெண்ட்டுக்குள் விரிக்கிற ஒரு தரைத்துணி, அதுக்குக் கீழே பனி.

மூச்சும் வியர்வையும் பைக்குள்ள உறைஞ்சது. ராத்திரி உடம்புச் சூட்டுல உருகும், காலையில வெளியே எடுத்ததும் பலகை மாதிரி விறைக்கும். உள்ளே நுழையவே ஒவ்வொரு ராத்திரியும் நெடுநேரப் போராட்டம். குளிரில் செர்ரி-கராடின் பற்கள் உடைஞ்சுது.

9/
திரும்பி வந்ததும் பைகளை எடை போட்டாங்க. வில்சன் பை 17 பவுண்டில் இருந்து 40. பவர்ஸ் பை 17-இல் இருந்து 33. செர்ரி-கராடு பை 18-இல் இருந்து 45. மொத்தம் 52 பவுண்டு போனது 118 ஆகி வந்துச்சு. கூடுதலான 66 பவுண்டும் பனிக்கட்டி. ஏறத்தாழ 30 கிலோ ஐஸை மூணு பேரும் போர்த்திக்கிட்டுத் தூங்கியிருக்காங்க.

டாக்டரா இதை வாசிக்கும்போது எனக்கு ஒண்ணுதான் தோணும். நனைஞ்ச காப்பு காப்பே இல்ல. தண்ணீர் நின்ற காத்தைவிட 20 மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். பனிக்கட்டி அதைவிட மோசம். அந்த மூணு பேரும் உயிரோட திரும்பினதுக்கு அவங்க பிடிவாதமும் பெரிய காரணம்.

10/
அவங்க தேடிப்போன பறவையைப் பாருங்க. எம்பரர் பென்குவின் கூடு கட்டாது. கட்ட அங்கே ஒண்ணும் கிடையாது, எல்லாம் ஐஸ். ஆண் பறவை முட்டையைத் தன் பாதத்து மேல ஏத்தி வெச்சு, வயித்துத் தோல் மடிப்பால மூடிக்கிட்டு ரெண்டு மாசம் சாப்பிடாம நிக்கும். முட்டை ஐஸ்ல உருண்டு விழுந்தா சில நிமிஷத்தில் கரு செத்துடும்.

அதோட விடல. ஓய்வெடுக்கும்போது விரல்களைத் தூக்கிக்கிட்டு குதிகாலும் வாலும் ஊன்றி நிக்கும். ஐஸைத் தொடுற பரப்பைக் குறைக்கத்தான். பாதத்துக்குப் போற சூடான ரத்தம், திரும்பி வர்ற குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துட்டுப் போற மாதிரி ரத்தக் குழாய் அமைப்பும் உண்டு.

தரையோட தொடர்பைத் துண்டிச்சாத்தான் உயிர். அந்தப் பறவை இதை நின்ன இடத்துல செஞ்சு காட்டிக்கிட்டு இருந்துச்சு. மூணு பேர் எடுத்த அஞ்சு முட்டையில ரெண்டு உடைஞ்சு மூணு மட்டும் மிஞ்சுச்சு. அடுத்த வருஷம் தென் துருவத்தில் இருந்து திரும்பும் வழியில் வில்சனும் பவர்ஸும் ஸ்காட்டோட டெண்ட்டுக்குள்ளேயே இறந்துட்டாங்க. செர்ரி-கராடு 1922-இல் அந்தக் குளிர்காலப் பயணத்தைப் புத்தகமா எழுதினார்.

11/
மரம் இருக்கிற ஊர்ல வேற வழி இருந்துச்சு. வட அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர்களும் முகாம் போடுறவங்களும் ஃபிர், ஹெம்லாக் மரக்கிளைகளை வெட்டி அடுக்கி மெத்தை செய்வாங்க. ஹொரேஸ் கெப்ஹார்ட் 1906-இல் எழுதின முகாம் கையேடு போன்ற புத்தகங்கள் இந்தக் காலத்தவை. கிளைகளுக்கு நடுவில் காத்து, நல்ல வாசம், முதுகில சுமக்கிற எடை பூஜ்யம்.

ஒரே பிரச்சினை, ஒரு படுக்கைக்கு எத்தனை கிளை வேணும்? பத்துப் பேர் போற காட்டில் சரி. ஆயிரக்கணக்கில் ஜனம் போக ஆரம்பிச்சா முகாம் சுத்தி மொட்டை மரம்தான் நிக்கும். சுமந்துட்டுப் போற படுக்கை தேவைப்பட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

12/
அடுத்த டாக்டர் கிரிஃபித் பியூ. பிரிட்டிஷ் உடலியல் நிபுணர். 1953 எவரெஸ்ட் குழு மேலே போனதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு, பெயர்தான் வெளியே அதிகம் வரல. 1952-இல் சோ ஓயு பயணத்தில் ஏறுபவர்கள் எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க, எப்படித் தூங்குறாங்க, எவ்வளவு ஆக்ஸிஜன் வேணும்னு ஒவ்வொண்ணா அளந்தார்.

ஏர் பெட்டின் கோளாறையும் கவனிச்சார். உள்ளே பெரிய வெற்றிடம் இருந்தா காத்து சும்மா இருக்காது. உடம்புப் பக்கம் சூடாகும், தரைப் பக்கம் குளிரும், புரண்டுக்கிட்டே சூட்டைக் கீழே இறக்கும். என் மூணு இன்ச் ஏர் பெட் ஏன் கைவிட்டுச்சுன்னு இப்போ புரியுதா? 1953-க்கு ஒரே அடுக்குக்குப் பதிலா ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு அடுக்குக் காத்து மெத்தை செஞ்சாங்க. காத்தைச் சின்னச் சின்ன அறைகளாப் பிரிச்சா அது குறைவாப் புரளும்.

13/
மே 28 ராத்திரி. சுமார் 8,500 மீட்டர் உயரம். டென்சிங்கும் ஹிலரியும் பனியைச் செதுக்கி ரெண்டு படியா ஒரு இடம் பண்ணி டெண்ட் போட்டாங்க. கீழ்ப்படியில டென்சிங், மேல்படியில பாதி சாஞ்ச நிலையில ஹிலரி. வெளியே மைனஸ் 27 டிகிரி அளவு.

டென்சிங் பூட்ஸைக் கழட்டாமலே தூங்கினார். ஹிலரி கழட்டி வெச்சார். காலையில பார்த்தா அது கல்லு மாதிரி உறைஞ்சிருந்துச்சு. உச்சிக்குப் போற நாள்ல ஸ்டவ் மேல பூட்ஸைக் காட்டி இளக வைக்கவே ரெண்டு மணி நேரம் போச்சு. உடம்பை ஒட்டி இருக்கிறது மட்டும்தான் சூடா இருக்கும், தனியா வெச்சது எதுவானாலும் மலைக்குச் சொந்தம். ட்ரெக் போறவங்க தண்ணி பாட்டில், சாக்ஸ், போன் பேட்டரி எல்லாம் பேக்குக்குள்ள வெச்சுக்கணும்னு சொல்றது இதனாலதான்.

14/
1960-களில் என்சோலைட் போன்ற மூடிய அறை ஃபோம் மலையேறுபவர்கள் கைக்கு வந்துச்சு. ரப்பர் மாதிரி இருக்கும், உள்ளே கோடிக்கணக்கில் மூடிய குமிழி. காத்து புரள இடமே கிடையாது, தண்ணி உறிஞ்சாது, குத்தினா ஓட்டை விழுந்து வீணாகாது. குறை ரெண்டு: சுருட்டினா பெரிய உருளை, படுத்தா இடுப்பு எலும்பு தரையைத் தேடும்.

இன்னொரு பக்கம் திறந்த அறை ஃபோம். அதாவது நம்ம ஸ்பாஞ்சு. மெத்துனு இருக்கும், ஆனா தண்ணியைக் குடிக்கும், நசுங்கும். ஒண்ணுல சூடு, ஒண்ணுல சுகம். ரெண்டும் சேர்ந்து கிடைக்கல.

15/
1971, அமெரிக்காவின் சியாட்டில். போயிங் கம்பெனி ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின காலம். கடைசியா ஊரைவிட்டுப் போறவர் லைட்டை அணைச்சுட்டுப் போகவும்னு யாரோ நெடுஞ்சாலை ஓரம் பலகை வெச்சாங்களே, அந்த சமயம்.

வேலை போனவர்களில் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் என்ற ரெண்டு இன்ஜினியர்கள். மலையேறும் நண்பர் ஜான் பர்ரோஸும் சேர்ந்தார். தோட்ட வேலைக்கு முட்டி போட ஒரு ஃபோம் திண்டு வெச்சிருப்பாங்க. அதிலிருந்து காத்து வெளியேறுறதைக் கவனிச்சபோதுதான் யோசனை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அந்தக் காத்தை வெளியே போகவிடாம மூடிட்டா?

16/
ஸ்பாஞ்சை காத்துப் புகாத துணிக்குள்ள வெச்சு, மேலும் கீழும் துணியோட ஒட்டி, ஒரு வால்வு வெச்சாங்க. வால்வைத் திறந்தா ஸ்பாஞ்சு தானா விரிஞ்சு காத்தை உறிஞ்சும். மூடினா காத்து உள்ளேயே சிக்கும். ஸ்பாஞ்சு காத்தைப் புரளவிடாது, காத்து ஸ்பாஞ்சை நசுங்கவிடாது. 1972-இல் கேஸ்கேட் டிசைன்ஸ் பிறந்துச்சு, அந்த மெத்தைக்கு தெர்மரெஸ்ட்னு பெயர்.

விமானத்தில் எடை, காத்தழுத்தம், ஒட்டுப் பொருள்னு பழகின மூளைக்கு இது பொருந்தின வேலைதான். ஒரு ஊரே அழுத வருஷத்துல இப்படி ஒண்ணு முளைச்சதை நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம்.

17/
அப்புறம் எடை குறைப்புப் போட்டி. 2000-களின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் எக்ஸ்பெட் காத்து மெத்தைக்குள்ளேயே வாத்து இறகை நிரப்புச்சு. அதை வாயால ஊதக் கூடாது, மூச்சு ஈரம் இறகை நாசம் பண்ணும். செர்ரி-கராடு பையில பார்த்த அதே எதிரி. அதனால ஊத ஒரு பை கொடுத்தாங்க.

2009-இல் தெர்மரெஸ்ட் நியோஏர் வந்துச்சு. உள்ளே ஸ்பாஞ்சு கிடையாது. முக்கோண அறைகளும் உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்புற பளபளப்பான மெல்லிய படலமும். எடை சுமார் 400 கிராம். காத்தைப் பிரிச்சு வைக்கிற பழைய யோசனைதான், காகிதம் மாதிரி மெல்லிசா.

18/
சரி, ஆர் வேல்யூ. 1941-இல் காகி, பர்ட்டன், பாசெட் என்ற மூணு உடலியல் ஆய்வாளர்கள் உடையின் காப்பை அளக்க "க்ளோ"ன்னு ஓர் அலகு கொண்டுவந்தாங்க. சாதாரண அறையில் ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருந்து சௌகரியமா உணர்ற உடை 1 க்ளோ. ஆர் வேல்யூ கட்டடத் துறையிலிருந்து வந்த எண். ஆர் 1 என்பது 1 க்ளோவைவிடக் கொஞ்சம் அதிகம். எண் கூடினா காப்பு கூடும். ரெண்டு விரிப்பை அடுக்கினா எண்களைக் கூட்டிக்கலாம்.

ஆனா ரொம்ப வருஷம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்தது. ஒருத்தர் 4 என்பது இன்னொருத்தர் 4 கிடையாது. சில கம்பெனி எண்ணே போடாம டிகிரி மட்டும் போட்டுச்சு. 2018-இல்தான் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்துச்சு. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவில் மேட்டை அழுத்தி வெச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரி அளக்கணும். 2020 வாக்கில் கம்பெனிகள் அதுக்கு மாறினபோது பல மேட்டுகளின் எண்ணே மாறிப்போச்சு. மேட்டு அதேதான். மாறினது அளவுகோல்.

மருந்துச் சீட்டுல மில்லிகிராம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவுன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு இது.

19/
தம்பி, இப்போ உங்க கேள்வி. உங்க பேக்கில் மைனஸ் பத்துன்னு போட்டிருக்கே, ஐரோப்பியத் தர முறைப்படி அந்த எண்ணை அளக்கும்போது சூடேத்தின பொம்மையை அந்தப் பைக்குள்ள படுக்க வைப்பாங்க. அந்தப் பொம்மைக்குக் கீழே காப்பு மேட் இருக்கும். நல்ல மேட் இல்லாத ராத்திரிக்கு அந்த மைனஸ் பத்து செல்லாது.

யோகா மேட் ஆர் 1-ஐத் தொடுறதே கஷ்டம். பனி ட்ரெக்குக்கு என் சிபாரிசு:

– பனி மேலயே படுக்கணும்னா மொத்தம் ஆர் 5-க்குக் குறையாம வெச்சுக்கோங்க. உறையும் குளிர், ஆனா பனி இல்லாத தரைன்னா 4. கோடைக்கு 2 போதும்.
– பட்ஜெட் இடிச்சா ஆர் 2 ஃபோம் மேட் கீழே, ஆர் 3 ஏர் மேட் மேலே. எடை கொஞ்சம் கூடும். ஆனா ஏர் மேட் பஞ்சர் ஆனாலும் ஃபோம் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதோட அருமை தெரியும்.
– தடிமனைப் பார்த்து ஏமாறாதீங்க. ஆர் எண் போடாத மூணு இன்ச் ஏர் பெட்டுக்கு நானே சாட்சி.
– சிக்கனம் பண்ணணும்னா பேக்கில் பண்ணுங்க, மேட்டில் வேண்டாம். பேக் பத்தலைன்னா ஜாக்கெட் போட்டுக்கலாம். கீழே அந்த வசதி கிடையாது.
– ட்ரெக் நடத்துறவங்க மேட் தருவாங்கன்னா, என்ன மேட், ஆர் எவ்வளவுன்னு போறதுக்கு முன்னாடியே கேளுங்க. பதில் தெரியலைன்னா சொந்தமா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

20/
கடைசியா டாக்டரா ஒண்ணு. கூட வந்தவர் அளவுக்கு மீறி நடுங்குறார், பேச்சு குழறுது, கையில பொருள் நிக்கல, நடை தடுமாறுதுன்னா அது உடல்வெப்பக் குறைவு. நல்லா நடுங்கிட்டிருந்தவர் சூடு வராமலே நடுக்கத்தை நிறுத்தி மந்தமாயிட்டார்னா, சரியாயிட்டார்னு நினைக்காதீங்க. நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம்.

எல்லாரும் முதல்ல கம்பளியைத் தேடி மேலே போர்த்துவாங்க. போர்த்துங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஆளைத் தரையிலிருந்து பிரிங்க. மேட், ரக்சாக், கயிறு, காய்ஞ்ச இலை, எது கிடைச்சாலும் கீழே. ஈரத் துணியைக் கழட்டி உலர்ந்தது போடுங்க. முழு நினைவோட விழுங்க முடிஞ்சா இனிப்பான சூடு பானம். கை காலைத் தேய்க்காதீங்க, பனி வெச்சுத் தேய்க்கவே கூடாது, சாராயம் வேண்டாம். மந்தமான ஆளை மெதுவாக் கையாளுங்க, உடனே கீழே இறக்க ஏற்பாடு பண்ணுங்க.

அன்னைக்கு அந்த கைடு என்கிட்ட உடைஞ்ச இந்தியில சொன்னது: "மேல இல்ல சார், கீழ." வில்சனும் பியூவும் பெரும் பாடுபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது அவருக்கு வீட்டிலேயே தெரிஞ்சிருந்துச்சு.

பத்திரமாப் போயிட்டு வாங்க தம்பி. மேட் வாங்கினதும் ஒரு போட்டோ அனுப்புங்க, ஆர் எண் தெரியுற மாதிரி.